மலையில் மூளை ஆய்வகம்: டெக்னீஷியனாகச் சேர்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நரம்பியல் ஆய்வகத்தில் டெக்னீஷியன் வேலை எப்படி இருக்கும் என்று கேட்டு வருகிற பிள்ளைகளில் பலர் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கத்தவர்கள். பி.எஸ்சி. விலங்கியலோ உயிர்வேதியியலோ பி.ஃபார்மோ டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்போ முடித்திருப்பார்கள். அவர்களிடம் நேரில் சொல்வதை இங்கே முழுதாக எழுதுகிறேன். இந்த வேலைக்கான செய்முறைகள் பெரும்பாலும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஊட்டி இருப்பது ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் சில வேலைகள் கெட்டுப்போகும், கெட்டது வெளியிலும் தெரியாது. அதனால் மலைக்கென்று மாற்றிக்கொள்ள வேண்டியவற்றை விரிவாகவே சொல்கிறேன். கொடைக்கானலுக்கும் இது அப்படியே பொருந்தும்.

வேலை எங்கே, எப்படிக் கிடைக்கும்

மலையில் மூளைத் திசுவோடு வேலை செய்வது புதிதல்ல. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையம் வெறிநாய்க்கடி மருந்துக்காகவே பிறந்தது. அந்தக் காலத்துத் தடுப்பூசி ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரானது. இன்றைக்கு ஊட்டி ஜே.எஸ்.எஸ். பார்மசி கல்லூரி போன்ற இடங்களின் மருந்தியல் துறைகள், கல்லூரிகளின் விலங்கியல், உயிர்வேதியியல் துறைகள் ஆகியவைதான் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். அடுத்த வட்டம் கோவை. அதற்கும் அப்பால் பெங்களூரு நிம்ஹான்ஸ் (தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம்), என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்), சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம்.

பெரும்பாலான இடங்கள் புராஜெக்ட் பணியிடங்கள். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டி.பி.டி. (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) போன்ற அமைப்புகள் தரும் நிதியில் ஆள் எடுப்பார்கள். அறிவிப்பில் 'புராஜெக்ட் அசிஸ்டென்ட்', 'புராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்' என்று இருக்கும். தொகுப்பூதியம்தான், புராஜெக்ட் முடிந்தால் வேலையும் முடியும். இதைத் தெரிந்துகொண்டே சேருங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வந்து நேர்காணலுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கும் என்பதால் சான்றிதழ் நகல்களை எப்போதும் தயாராக வைத்திருங்கள்.

நேர்காணலில் மூளையின் பாகங்களைக் கேட்பதைவிடக் கணக்கைக் கேட்பதே அதிகம். 5 மோலார் உப்புக் கரைசலிலிருந்து 150 மில்லிமோலார் கரைசல் 500 மில்லி வேண்டும், எவ்வளவு எடுப்பீர்கள்? 15 மில்லி. இதைத் தாளில்லாமல் சொல்ல வர வேண்டும். பத்து மடங்கு செறிவான பி.பி.எஸ். (பாஸ்பேட் பஃபர் கலந்த உப்புநீர்) ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 80 கிராம், பொட்டாசியம் குளோரைடு 2 கிராம், டைசோடியம் பாஸ்பேட் 14.4 கிராம், மோனோபொட்டாசியம் பாஸ்பேட் 2.4 கிராம். இதுவும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

முதல் வாரம்: கையெழுத்து போடும் முன் படிக்க வேண்டியவை

விலங்குகளைத் தொடும் எந்த வேலைக்கும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்திலும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கும். எத்தனை சுண்டெலி, என்ன மருந்து, எப்படி மயக்கம், எப்படி முடிவு என்பதெல்லாம் அந்தக் குழு ஒப்புக்கொண்ட விண்ணப்பத்தில் எழுதியிருக்கும். அதன் நகலை வாங்கி முழுதாகப் படியுங்கள். அதில் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறதா, உங்களுக்குப் பயிற்சி கொடுத்ததற்குப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லாமல் ஊசியைக் கையில் எடுக்காதீர்கள். "சும்மா ஒரு தடவை போட்டுப் பாரும்மா" என்று சீனியர் சொன்னாலும், "பேரைச் சேர்த்துட்டுச் செய்றேன் அக்கா" என்று சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

காட்டு உயிர்களுக்கு வேறு சட்டம். சோலையில் தவளை பிடித்து வருவதும், விழுந்து கிடக்கும் வௌவாலை எடுத்து வருவதும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிவிடும். வௌவாலைத் தொடுவதில் நோய்த்தொற்று அபாயமும் உண்டு. வெறிநோய் மாதிரிகளைக் கையாளும் ஆய்வகம் என்றால், வேலை தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தள்ளிப்போடவே கூடாது.

கழிவுப் பைகளின் நிறத்தையும் அந்த வாரமே பழகிவிடுங்கள். திசுவும் உடலும் மஞ்சளில், பிளாஸ்டிக் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். ஃபார்மலின் வகைக் கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கேனில் சேர்க்க வேண்டும். மலையில் நாம் கொட்டும் தண்ணீர் கீழே உள்ள தோட்டத்துக்கும் ஓடைக்கும்தான் போகிறது.

இரண்டாம் வாரம்: கருவிகளை மலைக்குப் பழக்குவது

இந்த வழிகாட்டியில் எதையாவது தாண்டிப் போவதாக இருந்தாலும் இந்தப் பகுதியைத் தாண்டாதீர்கள்.

ஆட்டோகிளேவிலிருந்து தொடங்கலாம். '15 பி.எஸ்.ஐ., 121 டிகிரி, 15 நிமிடம்' என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் எவ்வளவு என்பதைத்தான். வெளிக்காற்றே இங்கே குறைவு. அதனால் ஊட்டியில் முள் 15-இல் நிற்கும்போது உள்ளே 117 டிகிரி அளவில்தான் இருக்கும். 121-ஐத் தொட ஏறக்குறைய 18.5 பி.எஸ்.ஐ. வேண்டும். உங்கள் கருவியும் அதன் பாதுகாப்பு வால்வும் அவ்வளவு தாங்குமா என்று பெயர்ப்பலகையைப் பார்த்த பிறகே ஏற்றுங்கள். தாங்காது என்றால் 117-லேயே வைத்து நேரத்தைக் கூட்டுங்கள். 15 நிமிட வேலைக்கு 40 நிமிடம். வெப்பநிலையை அளந்து ஓடும் புதிய கருவிகளில் இந்தத் தொல்லை இல்லை. எதுவாக இருந்தாலும் மாதம் ஒரு முறை ஸ்போர் பட்டை (சூடு தாங்கும் கிருமி வித்துகள் தடவிய பட்டை) வைத்துச் சோதியுங்கள். நிறம் மாறும் டேப் சூடு பட்டதைச் சொல்லுமே தவிர கிருமி செத்ததைச் சொல்லாது.

செல் வளர்க்கும் இன்குபேட்டரிலும் இதே கணக்குதான். 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு என்பது கடல் மட்டத்து எண். இங்கே காற்று மெலிந்திருப்பதால் அதே 5 சதவீதத்தில் திரவத்துக்குள் கரையும் வாயு கால் பங்கு குறைகிறது. ஊட்டத் திரவத்தின் பி.எச். (அமில, கார அளவு) 0.1 அளவுக்கு ஏறிவிடும். நியூரான்கள் (நரம்புச் செல்கள்) இதை உணரும். ஊட்டியில் 6.5 சதவீதம் வைத்தால் கீழே வைக்கும் 5-க்குச் சமம். சில கருவிகளில் உயரத்தைப் பதியும் வசதி இருக்கும். இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், இரண்டையும் சேர்த்துத் திருத்திவிடக் கூடாது. மூளைத் துண்டுகளை உயிரோடு வைத்து அவற்றின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஆய்வகங்களில், திரவத்துக்குள் விடும் வாயுக் கலவைக்கும் இதை யோசிக்க வேண்டும்.

தராசு சென்னையிலோ கோவையிலோ அளவு பார்த்து லாரியில் ஏறி வந்ததாக இருக்கும். மேலே புவியீர்ப்பு ஒரு மயிரிழை குறைவு. திரும்ப அளவு பார்க்காவிட்டால் 100 கிராமுக்குச் சில பத்து மில்லிகிராம் குறைத்துக் காட்டும். சான்றளித்த எடைக்கல்லை வைத்து இருக்கும் இடத்திலேயே சரிசெய்தால் தீர்ந்தது. காற்றை இழுத்து வேலை செய்யும் பிபெட்டுகளும் உயரத்தில் கொஞ்சம் குறைவாகவே எடுக்கும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீரைத் திரும்பத் திரும்பத் தராசில் விட்டு எடை பாருங்கள். 20 டிகிரியில் 99.8 மில்லிகிராம் வர வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக ஏமாற்றுவது 'அறை வெப்பநிலை' என்ற இரண்டு சொற்கள்தான். எழுதியவர் மனதில் 20 முதல் 25 டிகிரி இருந்திருக்கும். தை மாதக் காலையில் நம் அறை 12, 13 டிகிரியில் இருக்கும். ஆன்டிபாடி (தனக்குரிய இலக்கில் மட்டும் போய் ஒட்டும் புரதம்) ஒட்டுவதும் நொதி வேலை செய்வதும் மந்தமாகிவிடும். டிரிஸ் பஃபர் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்களில் ஒன்று) இன்னும் மோசம். டிகிரிக்கு 0.03 வீதம் அதன் பி.எச். மாறும். 15 டிகிரியில் 7.4 என்று சரிசெய்து வைத்தால், 25 டிகிரி இன்குபேட்டருக்குள் அது 7.1 ஆகியிருக்கும். எந்த வெப்பநிலையில் பயன்படுத்தப் போகிறீர்களோ அதே வெப்பநிலையில்தான் அளக்க வேண்டும். சுவரில் ஒரு வெப்பமானி மாட்டி, காலை வந்ததும் அதைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். பாட்டிலில் தேதியோடு 'எத்தனை டிகிரியில் பி.எச். பார்த்தது' என்றும் எழுதுங்கள்.

திசு: ஃபிக்சேஷனிலிருந்து ஸ்லைடு வரை

திசு கெடாமல் இருக்கும் நிலையிலேயே நிறுத்துவதுதான் ஃபிக்சேஷன். அதற்கான 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு கரைசலைப் புதிதாகத் தயாரிப்பதே நல்லது. லிட்டருக்கு 40 கிராம் பொடி. புகைக்கூண்டுக்குள் வைத்து, 60 டிகிரித் தண்ணீரில் போட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு சில துளி விட்டால் பால் போல் இருந்தது தெளியும். ஆறவைத்து, பாஸ்பேட் பஃபர் சேர்த்து, பி.எச். 7.4-க்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள். குளிர் தாங்காமல் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு மேசை மேலேயே இதைக் காய்ச்சுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அந்த ஆவி கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும், புற்றுநோய்க்கும் காரணமாகும்.

சுண்டெலியை ஆழ்ந்த மயக்கத்தில் வைத்து இதயம் வழியாக முதலில் உப்புநீர், பிறகு ஃபிக்சேட்டிவ் (அந்தப் பாராஃபார்மால்டிஹைடு கரைசல்) செலுத்துவது, அதாவது பெர்ஃபியூஷன், பயிற்சி பெற்றவர் அருகில் நின்று கற்க வேண்டிய வேலை. பாதத்தைக் கிள்ளினால் சிறு அசைவுகூட இருக்கக் கூடாது. இருந்தால் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். சரியாகப் போனால் கரும் சிவப்பாக இருந்த ஈரல் வெளுக்கும். வெளுக்காமல் திட்டுத் திட்டாக இருந்தால் அந்த மூளையின் ரத்தக் குழாய்களில் ரத்தம் மிச்சம் இருக்கிறது, பிறகு ஒளிர் நிறமேற்றும்போது அது தேவையில்லாமல் மின்னும். அதையும் அன்றே நோட்டில் எழுதுங்கள்.

எடுத்த மூளை ஓர் இரவு ஃபிக்சேட்டிவில், பிறகு 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில். முதலில் மிதக்கும். கரைசல் உள்ளே ஏற ஏற மெல்ல இறங்கி அடியில் உட்காரும். அதற்கு முன் அவசரப்பட்டு உறைய வைத்தால் பனிப்படிகம் திசுவைக் கிழித்துத் துளை துளையாக்கிவிடும்.

அடுத்தது கிரையோஸ்டாட், உறைந்த திசுவை மெல்லிய துண்டுகளாக வெட்டும் குளிர்க் கருவி. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மூளையைப் பொருத்துவதற்கு முன் ஒரு பக்கத்தில், புறணியின் (மூளையின் மேலடுக்கு) ஓரமாக, மெல்லிய ஊசியால் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். எல்லாத் துண்டிலும் அந்தக் கீறல் வரும். இடது எது வலது எது என்ற குழப்பம் கடைசி வரை வராது. கருவியின் உள்ளறையை மைனஸ் 20 டிகிரியில் வைத்து 30 அல்லது 40 மைக்ரான் தடிமனில் வெட்டுங்கள். பிளேடின் மேல் துண்டு சுருளத் தொடங்கும்போது ஈரமில்லாத மென்தூரிகையின் நுனியால் அதன் ஓரத்தை மட்டும் தொட்டுப் பிடிக்க வேண்டும். நடுவில் தொட்டால் ஓட்டை. துண்டு சுக்குநூறாக உடைந்தால் குளிர் அதிகம், நசுங்கிச் சுருங்கினால் குளிர் போதாது. இரண்டு டிகிரி மாற்றிப் பாருங்கள். வெட்டிக்கொண்டே போகும்போது நடுவில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்தின் வெள்ளைப் பட்டை தெரியும். அப்புறம் அதன் கீழே இரண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ் (நினைவோடு தொடர்புடைய பகுதி) வளைந்து எழும். நினைவு பற்றிய புராஜெக்ட் என்றால் அங்கிருந்து ஒரு துண்டுகூடத் தவறக் கூடாது.

மலை மூடுபனி இங்கேயும் வரும். ஆனி, ஆடி மழையில் ஜன்னல் திறந்திருந்தால் ஈரக்காற்று கிரையோஸ்டாட்டுக்குள் போய் உறைபனியாகப் படியும். பிளேடு தாங்கியிலும் தட்டிலும் வெள்ளையாகப் பூக்கும். கதவு ஜன்னல் சாத்தி, மூடியைத் தேவைக்கு மட்டும் திறங்கள்.

துண்டுகளை ஆறு கிணறுகளில் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிச் சுற்றிப் போட்டுவந்தால் ஒவ்வொரு கிணற்றிலும் மூளை முழுவதையும் காட்டும் ஒரு தொகுதி கிடைக்கும். ஒன்றை நிஸ்ல் சாயத்துக்கு, ஒன்றை ஆன்டிபாடிக்கு, மீதியை கிளிசரால், எத்திலீன் கிளைக்கால் கலந்த பஃபரில் மைனஸ் 20-இல் வையுங்கள். ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

நிஸ்ல் முறையில் நியூரான்களுக்கு நிறம் ஏற்றும் கிரெசில் வயலெட் சாயம் குளிரில் ஏறாது. 37 டிகிரி வரை சூடுபடுத்திய பிறகு ஸ்லைடை இறக்குங்கள். ஆல்கஹாலில் நிறம் குறைக்கும்போது கடிகாரத்தை நம்பாமல் அடிக்கடி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பின்னணி வெளுத்து நியூரான் மட்டும் ஊதாவாக நிற்கும் நேரம் ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்காது. மழைக்காலத்தில் தூய ஆல்கஹால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடைசியில் சைலீனில் இறக்கியதும் ஸ்லைடைச் சுற்றிப் பால் போல் கலங்கினால் தண்ணீர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பின்னோக்கிப் போய், புதிதாகத் திறந்த ஆல்கஹாலில் நனைத்து மறுபடி வாருங்கள்.

சில ஆன்டிபாடிகளுக்கு முன்பாக, சிட்ரேட் பஃபரில் 95 முதல் 100 டிகிரியில் 20 நிமிடம் வைக்கச் சொல்வார்கள். திறந்த பாத்திரத்தில் ஊட்டியில் அந்தச் சூடு வரவே வராது. பிரஷர் குக்கர்தான் வழி. ஆய்வகத்துக்கென்று தனிக் குக்கர் வாங்கி, அதன் மேல் பெயர் எழுதி, சமையல் பக்கமே போகாமல் வையுங்கள். எத்தனை நிமிடம் என்பதை, ஏற்கெனவே நன்றாக வரும் என்று தெரிந்த திசுவில் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, முதல் ஆன்டிபாடி சேர்க்காத ஒரு ஸ்லைடு ஒவ்வொரு முறையும் கூடவே ஓட வேண்டும். அது இல்லாத ஸ்டெயினிங்கை நான் கணக்கில் எடுப்பதில்லை.

விலங்கு அறையும் நடத்தைச் சோதனையும்

சுண்டெலி அறை 22 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. மலையில் ஹீட்டரும் டைமரும் இரவில் நின்றுவிட்டால் காலையில் விலங்கு வேறு விலங்காக இருக்கும். அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டும் வெப்பமானி அவசியம்.

நினைவாற்றலைச் சோதிக்க மோரிஸ் நீர்ப்புதிர் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் கொண்டுவந்தது. வட்டத் தொட்டியில் நீந்தி, தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடையை விலங்கு கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீர் 22 முதல் 25 டிகிரி. மார்கழியில் நம் குழாய்த் தண்ணீரை நிரப்பினால் விலங்கு விறைத்துப்போய் நீந்த முடியாமல் நிற்கும். அதை 'மறதி' என்று அட்டவணையில் ஏற்றிவிடும் அபாயம் இருக்கிறது. முந்தைய நாளே நிரப்பிச் சூடேற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் அளந்து, வெளியே வந்ததைத் துடைத்து இதமான கூண்டில் விடுங்கள்.

வாசனை அடுத்த விஷயம். சளி பிடித்தால் நீலகிரித் தைலம் தடவுவது நம் வீட்டுப் பழக்கம். சோதனை நாட்களில் தடவாதீர்கள். விறகடுப்புப் புகை ஏறிய ஸ்வெட்டரை வெளியே கழற்றி வைத்துவிட்டு ஆய்வகக் கோட்டோடு போங்கள். ஆண்களின் உடல் வாசனையே சுண்டெலிகளுக்குப் பதற்றம் தருகிறது என்று மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். அதனால் யார் கையாண்டார்கள் என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் ஒரு சோதனை முழுவதையும் ஒரே ஆள் செய்யட்டும். தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே தினமும் விலங்கைக் கையில் எடுத்துப் பழக்குங்கள்.

எந்தக் கூண்டுக்கு மருந்து, எந்தக் கூண்டுக்கு வெறும் உப்புநீர் என்பது எண்ணிக்கை எடுப்பவருக்குத் தெரியக் கூடாது. குறியீட்டு எண் போடுவது பெரும்பாலும் டெக்னீஷியன் பொறுப்பு. எந்த எண் எந்தக் கூண்டு என்ற பட்டியலை மூடிய உறையில் வைத்து, எண்ணி முடித்த பிறகே திறங்கள். எதிர்பார்த்தது வரவில்லை என்பதற்காக ஒரு விலங்கின் எண்ணை நீக்கச் சொன்னால், "காரணத்தை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார், நீக்கிடறேன்" என்று சொல்லுங்கள். பணிவாகச் சொல்லலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். நோயாளி ஒருவருக்கு நாளை அந்த மருந்து போகலாம்.

மழை, மின்சாரம், மலைப்பாதை

காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே சாதாரணம். மைனஸ் 80 ஃப்ரீசரின் காலி இடங்களை ஐஸ் பேக்கால் நிரப்பி வைத்தால் குளிர் நீண்ட நேரம் நிற்கும். மின்சாரம் போனால் முதல் வேலை அதைத் திறக்காமல் இருப்பது. ஜெனரேட்டரை வாரம் ஒரு நாள் ஓட்டிப் பார்ப்பது யார், இரவில் யாருக்குப் போன் செய்வது என்று கதவிலேயே ஒட்டுங்கள்.

உலர் பனியும் திரவ நைட்ரஜனும் கீழிருந்துதான் வர வேண்டும். மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தாலோ, மே மாத மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நின்றாலோ ஆன்டிபாடி பெட்டி உருகிவிடும். வார நடுவில் வந்து சேரும்படி ஆர்டர் போடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குத் தேவையானதைப் புரட்டாசிக்குள் வாங்கிவிடுங்கள்.

மைக்ராஸ்கோப் லென்சில் பூஞ்சை பிடிப்பது மலையின் பெரிய சாபம். சிலந்தி வலை போல் ஒரு முறை படர்ந்தால் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். பயன்படுத்தாத லென்சுகளைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் ஓவனில் உலர்த்துங்கள். எண்ணெய் லென்சை அன்றன்றே லென்ஸ் தாளால் துடையுங்கள். மெர்க்குரி விளக்கை அணைத்தால் ஆறும் வரை, அரை மணி நேரமாவது, திரும்பப் போடாதீர்கள்.

நோட்டும் சான்றிதழும்

ஆய்வக நோட்டில் பேனாவால் மட்டும் எழுதுங்கள். தவறினால் படிக்கும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி. வெள்ளை மை கூடாது. தயாரிப்பு எண், பாட்டில் திறந்த நாள், அறை வெப்பநிலை, மின்தடை நேரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து ஆய்விதழிலிருந்து கேள்வி வரும்போது பி.எச்டி. மாணவர் ஊரைவிட்டே போயிருப்பார். பதில் உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

புராஜெக்ட் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே அனுபவச் சான்றிதழுக்குக் கேளுங்கள். 'நன்கு பணியாற்றினார்' என்ற ஒற்றை வரி எங்கும் உதவாது. பெர்ஃபியூஷன், கிரையோஸ்டாட் வெட்டு, நிஸ்ல், இம்யூனோ ஸ்டெயினிங் (ஆன்டிபாடியால் நிறமேற்றுவது), நீர்ப்புதிர் என்று செய்த முறைகளைப் பெயர் சொல்லி எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்கள் வரைவு எழுதிக் கொடுத்தால் பெரும்பாலான பேராசிரியர்கள் மகிழ்ச்சியோடு கையெழுத்திடுவார்கள். கட்டுரையில் உங்கள் பெயர் ஆசிரியர் வரிசையிலா, நன்றிப் பகுதியிலா என்பதையும் கட்டுரை எழுதத் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். அச்சுக்குப் போன பிறகு மாற்ற முடியாது. பெங்களூரிலோ சென்னையிலோ அடுத்த நேர்காணலுக்குப் போகும்போது, நீங்களே வெட்டி நிறமேற்றிய நல்ல ஸ்லைடுகளின் படங்கள் சிலவற்றை, ஆய்வகத் தலைவரிடம் அனுமதி வாங்கி, கோப்பில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.